ரெண்டு வருசம்

விரல்கள் விடவில்லை.

பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த மகள், அவள் புடவைத் தோளைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

"எம்மா, இன்னைக்கு மட்டும் வேண்டாம்மா."

நேற்றும் இதையேதான் சொன்னாள்.

பத்தாவது முடித்ததும் மகள் கோமதி, படிப்பு போதும் என்று தெருமுனைத் தையல் கடைக்குப் போனாள். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தாள். ஓரம் அடித்தாள். எதையாவது பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். படுத்ததும் தூங்கினாள்.

பிறகு வீடு தேடி ஆசிரியர்கள் வந்தார்கள். படிக்கிற வயசில் பிள்ளை வெளியே நிற்கக் கூடாது, மேலிடத்து உத்தரவு என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். மகள் பன்னிரண்டாவது முடிக்க வேண்டும் என்பது அவளுக்கும் ஆசைதான். தலையாட்டினாள். கோமதியைப் பதினொன்றாவதில் சேர்த்தார்கள்.

இப்போது கோமதியின் இடது புருவத்தில் பாதி இல்லை.

பாடம் நடக்கும்போது ஒவ்வொரு முடியாகப் பிடுங்குகிறாள். பிடுங்குவது அவளுக்கே தெரிவதில்லை.

காலையில் சீருடையைப் பார்த்தாலே குமட்டுகிறது.

பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தை நிறுத்தட்டுமா என்று அம்மா கேட்டாள். "அதை நான் சொல்ல முடியாதும்மா, பள்ளிக்கூடத்துல கேளுங்க" என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் கேட்டாள். டாக்டர் சொல்லட்டும் என்றார்கள்.

மணி அடித்துவிட்டது. வகுப்பு டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷி.

"விடுங்கம்மா, நான் பாத்துக்கிடுதேன். ரெண்டு வருசந்தானே, ஓடிரும்."

அவள் மகளின் விரல்களைப் பிரிக்கத் தொடங்கினாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று இறுகியது. எல்லாம் சில்லிட்டு வியர்த்திருந்தன.

சட்டென்று கோமதி தானாகவே கையை எடுத்தாள்.

இறங்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் போயிட்டு வாரேன்மா. நீ அழாத."

அந்தச் சிரிப்பை அம்மாவுக்குத் தெரியும்.

ஒன்பதாவது பாதியில் தன் படிப்பை நிறுத்தி, கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை வீட்டு வேனில் ஏற்றியபோது, அழுதுகொண்டு நின்ற தன் அம்மாவைப் பார்த்து அவள் சிரித்தது அது.

கூப்பிட வாயைத் திறந்தாள்.

டீச்சர் கோமதியின் தோளில் கை போட்டுக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். கோமதி திரும்பவில்லை.

வாட்ச்மேன் கேட்டைச் சாத்த வந்தார்.

"வண்டிய ஓரமா எடும்மா."

எடுத்தாள்.