விரல் நீளக் கத்தி

"மடக்குக் கத்தி வேணாங்கண்ணே. அதப் பிரிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

குரலைக் கேட்டதும், பூட்டு வாங்க வந்த கொளஞ்சிநாதன் தொங்கிக்கொண்டிருந்த வாளிகளுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டார். சுலோச்சனாவின் குரல். அவர் மேஸ்திரியாக இருக்கும் பீங்கான் கம்பெனியில் மண் சுமப்பவள்.

இரும்புக்கடை சாமிக்கண்ணு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். காய்கறிக் கத்தியை வளைத்துப் பார்த்து, வெறும் தகடு என்று தள்ளினாள். தேங்காய்க் கத்தி இடுப்பில் நிற்காது என்றாள். கடைசியில், தோல் உறையோடு ஒரு விரல் நீளக் கத்தி வந்தது. இடுப்பில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு சரக்கென்று உருவினாள். முதலில் வலக்கை, அப்புறம் இடக்கை.

"எந்தக் கை சும்மா இருக்கும்னு சொல்ல முடியாதில்ல."

வூட்டுக்காரர் அப்படி என்ன தப்பு பண்ணிட்டார் என்று சாமிக்கண்ணு கேலி பேசினார். அவள் சிரிக்கவில்லை. வேலை செய்யற இடத்துக்கு என்றாள். முனையை மட்டும் சாணையில் மழுக்கித் தரச் சொன்னாள்.

"மழுக்கிட்டா குத்தாதேம்மா."

"குத்த வேணாங்க. கழுத்துக்கிட்ட வச்சி ஒரு இழுப்பு இழுத்தா அறுத்துடணும்."

கொளஞ்சிநாதன் பூட்டை மறந்தார். வாசலில் நின்ற வண்டியைக்கூட எடுக்காமல், பக்கத்துச் சந்தில் நுழைந்து நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கத்தி யாருக்கென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம், அவளோடு மண் சுமந்த ஆராயி மண் அரைக்கும் மிஷினில் சிக்கிச் செத்தாள். அவளும் சுலோச்சனாவும் கம்மாபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே தூக்குவாளியில் சோறு தின்றவர்கள். மிஷினைச் சுற்றியிருந்த கம்பிக் கூண்டு வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்ற வைத்தவர் கொளஞ்சிநாதன். செத்தவளுக்குத்தான் கவனம் பத்தவில்லை என்று முதலாளியிடம் சொன்னவரும் அவரே. கூண்டை மறுபடி மாட்டச் சொல்லி சுலோச்சனா வந்து நின்றபோது, பயமாயிருந்தால் வூட்டோடு கிட என்று விரட்டிவிட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வைதான் இப்போது அவரைத் தூங்கவிடவில்லை.

காலையில் பெரிய தேங்காய்ப்பூத் துண்டாக எடுத்து, கழுத்தைச் சுற்றி இரண்டு மடிப்பாக இறுக்கிக்கொண்டார். மிச்சம் முதுகுப்பக்கம் தொங்கியது.

"இந்த வெயில்லயா?" என்றாள் மனைவி சொர்ணாம்பாள்.

தொண்டை வலி என்றார். சாயந்திரம் வாங்க, கஷாயம் வச்சித் தரேன் என்றாள். இவ்வளவு தடித்த துணியை விரல் நீளக் கத்தி தாண்டாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார்.

அங்கே சுலோச்சனாவுக்கு முதுகைக் காட்டவே இல்லை. அவள் நகர்ந்த பக்கமெல்லாம் இவரும் திரும்பித் திரும்பி நின்றார். அப்படி நகர்ந்ததில், மிஷின் அவருக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது.

குனிந்து மண் அள்ளிய சுலோச்சனா நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. கூடையை அப்படியே போட்டுவிட்டு, இடுப்பில் கையை வைத்தபடி அவரை நோக்கி ஓடி வந்தாள்.

ஓர் அடி பின்னால் வைத்தார். கழுத்து இறுகியது. காதுக்குக் கீழே இரும்பின் சில்லிப்பு பட்டது. சொர்ணாம்பாள் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருப்பாளே என்று நினைத்தபடி கண்ணை மூடினார்.

ஒரே இழுப்பு.

மூச்சு வந்தது. கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தார். கழுத்தில் பாதித் துண்டு இருந்தது. மீதிப் பாதி, மிஷின் பெல்ட்டில் சாட்டைபோல் அடித்துச் சுழன்றுகொண்டிருந்தது. யாரோ ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்கள்.

கத்தியைக் கையில் பிடித்தபடியே அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள் சுலோச்சனா.

"ஆராயி முந்தானை சுத்திக்கிட்ட அன்னிக்கு, எங்கையில எதுவும் இல்ல மேஸ்திரி. வெறுங்கையாலயே இழுத்துக்கிட்டு இருந்தேன்."