வெடிக்காத கோது

சென்ட் லோரன்டில் ஆட்கள் நிறைந்த துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைமீது இரண்டு தோட்டாக்கள் நிமிர்ந்து நிற்கின்றன. ஒன்று நடுவிரல் நீளம். மற்றது அதைப்போல இரண்டு மடங்கு. 2004 நாட்காட்டிக்குப் பக்கத்து ஜன்னலால் விழும் பனிவெளிச்சத்தில் பித்தளை மினுங்குகிறது. கடைக்காரர் பிரெஞ்சில் சொல்வதை றெனோல்ட் மனைவி ஜெசிந்தாவுக்குத் தமிழில் சொல்கிறான். “தாள் இலக்கு ஆயிரம் மீட்டருக்கு அங்கால நிக்கும். சின்னன் காத்துக்கு விலகுமாம். பெரிசு லேசில விலகாதாம். எதை எடுப்பம்?” அவளும் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தில்தான் அவனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வந்தது, அதனால் இதையும் அவளிடமே கேட்கிறான். “என்னப்பா, தாளைச் சுட இவ்வளவு பெரிசு வேணுமே?” “பிடிச்சுப் பார், ஒண்டும் செய்யாது.” பெரியதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைக்கிறான். குளிர்கிறது. நினைத்ததைவிடப் பாரம்.

சண்டைக்காலத்தில் மன்னாரில் கோயில் முற்றத்தில், சுட்டபின் விழுந்து கிடந்த இதே அளவு வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி, உதட்டில் வைத்து ஊதி விசிலடித்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகுதான் பொறுக்க விடுவார்கள். கோது கைக்கு வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பழக்கத்தில் பெருவிரல் இப்போதும் ஊதுகிற ஓட்டையைத் தேடிப் போகிறது. ஓட்டை இல்லை. அந்த இடத்தை அடைத்துக்கொண்டு கூரான முனை நிற்கிறது. இது இன்னும் வெடிக்கவில்லை. முனையை ஆளில்லாத பக்கமாகத் திருப்பப் பார்க்கிறாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கே யாரோ ஒருவர் நிற்கிறார்.