சட்டைப் பித்தான் வைத்த ரிதம் பெட்டி

நாகல் நகர் கல்யாண மண்டபத்தின் மேடையில் மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலோடு விழுந்து கிடக்கிறது. சாயங்கால வரவேற்புக்கு இன்னிசைக் குழு ஒத்திகை பார்க்கிறது. குழுவுக்குத் தாளம் கொடுக்கும் பழைய ரிதம் பெட்டி அறிவுச்செல்வியின் மடியில் இருக்கிறது. கம்பெனிக்காரன் அதைச் செய்வதை நிறுத்திப் பதினைந்து வருஷமாகிறது. உடைந்துபோன பொத்தானின் இடத்தில் அவள் ஒரு வெள்ளைச் சட்டைப் பித்தானை ஒட்டியிருக்கிறாள். குழுவை நடத்தும் ஸ்டான்லி, பாலித்தீன் உறை பிரிக்காத புதுக் கீபோர்டைத் தடவுகிறார். "அம்புட்டுத் தாளமும் இதுக்குள்ளயே இருக்கு. அந்தப் பெட்டியக் கட்டி வையி அறிவு," என்று சொல்லிக் கீபோர்டின் பொத்தானைத் தட்டுகிறார். தட்டிய கணமே தாளம் புறப்பட்டுவிடுகிறது. பாடகி சத்யபிரியா ஓர் அடி பிந்திப் பாட்டை எடுக்கிறாள். மறுபடி தட்டுகிறார், மறுபடியும் பிந்துகிறாள். பழைய பெட்டி பொத்தானை அழுத்தியதும் சற்றுத் தயங்கித்தான் தொடங்கும். அந்தத் தயக்கத்தில் மூச்சை இழுத்தே எட்டு வருஷமாகப் பாடியவள் அவள். "எடுப்புக்கூடவா தெரியல?" என்று ஸ்டான்லி சீறுகிறார். சத்யபிரியாவின் கண் கலங்குகிறது.

"அவள ஏண்ணே வையிறீங்க?" அறிவுச்செல்வி எழுந்துபோய்க் கீபோர்டின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தன் பெட்டியின் வயரைச் செருகுகிறாள். யாரையும் கேட்கவில்லை. சட்டைப் பித்தானை அழுத்துகிறாள். கொஞ்சம் மௌனம். சத்யபிரியா மூச்சை இழுக்கிறாள். தாளமும் பாட்டும் ஒன்றாக எழுகின்றன. தாளம் போடத் தூக்கி, அந்த மௌனம் முடியும்வரை அந்தரத்தில் நின்ற ஸ்டான்லியின் வலது கால், முதல் அடியோடு சரியாகப் பலகையில் விழுகிறது. அறிவுச்செல்வி அந்தக் காலையே பார்க்கிறாள்.

"இப்பச் சொல்லுங்கண்ணே, எதக் கட்டி வைக்கணும்?"