வளைகாப்பு வாழ்த்து

நாத்தனார் செண்பகாவின் வளைகாப்பில் வசுமதியைக் கடைசியாகத்தான் கூப்பிட்டார்கள்.

"பெத்தவங்கல்லாம் போட்டாச்சு, இப்ப நீ வா," என்றாள் மாமியார். "போட்டுட்டு அவ கையிலேர்ந்து ரெண்டைக் கழட்டி மாட்டிக்கோ. உனக்கும் ஒட்டிக்கும்."

கூடம் சிரித்தது. வாசற்படியில் நின்ற கணவன் கதிரேசன் மட்டும் சிரிக்கவில்லை. நேற்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொல்லக் கூடாதென்று வசுமதியிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

"குறை உங்க விந்தணுவுலதான் சார். அம்மா வழியா மட்டும் இறங்குறது. உங்க தங்கச்சிக்கும் இருக்கலாம். பொண்ணுங்களை அது ஒண்ணும் செய்யாது. அவங்களுக்குப் பையன் பொறந்தா, இதே கஷ்டம் வரலாம்."

செண்பகா கையை நீட்டினாள். "அண்ணி, பையன்தான்னு வாய் நிறையச் சொல்லிப் போடுங்க."

வளையல் விரல் முட்டியில் சிக்கி நின்றது.

"பொண்ணாப் பொறக்கட்டும்," என்றாள் வசுமதி.

"பார்த்தியாடா இவ வயித்தெரிச்சலை!" மாமியார் மகனைப் பார்த்துக் கத்தினாள். "என் பொண்ணுக்கு ஒரு ஆம்பளப் புள்ள பொறக்கிறது இவளுக்குப் பொறுக்கலையே!"

செண்பகா கையை இழுத்தாள். வசுமதி விடவில்லை. அவளும் கதிரேசனைத்தான் பார்த்தாள்.

"அம்மா..." என்றான் அவன்.

"என்னடா? சொல்லு."

அவன் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடத் தொடங்கியிருந்தான்.