பத்து மீட்டருக்கு அப்பால்

வேல்ராஜ் ஓட்டும் டேங்கர் லாரி மும்பையின் டிராம்பே சாலையில் ஒரே வாரத்தில் மூன்று தடவை சட்டென்று பிரேக் போட்டு நின்றது. மூன்று தடவையும் முன்னால் எதுவும் இல்லை. பம்பரில் உள்ள ரேடார் அலையை அனுப்பும். அது எதன் மீதாவது பட்டுத் திரும்பினால் தூரத்தைச் சொல்லும், ரொம்பக் கிட்டே என்றால் வண்டியைத் தானே நிறுத்தும். ரேடாரில் கோளாறு இல்லையென்றால் பிரேக்கை மிதித்தது டிரைவர்தான், வேலை கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

சோதிக்க, தாராவியில் சென்சார் பழுதுபார்க்கும் அப்ரார் வந்தான். மத்தியான வெயில், ஆளில்லாத சாலை. கிளீனர் இருக்கையில் உட்கார்ந்து, ரேடார் தூரத்தை எண்ணாகக் காட்டும் திரையைப் பார்த்தான்.

"அண்ணே, டேப்பப் பிடிச்சுட்டு முன்னால நடங்க. பத்து மீட்டர்ல நில்லுங்க."

"ஏற்கெனவே கிறுக்கன்னுதான் சொல்லுதானுவ. இப்ப ரோட்டையும் அளக்கணுமாடே?"

வேல்ராஜ் நடந்தார். எண் ஏறி ஏறிப் பத்தில் நின்றது. டேப்பிலும் பத்து. அவர் திரும்பி வந்து டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

எண் மட்டும் பத்திலிருந்து இறங்கவில்லை. பிறகு பதினொன்று ஆனது. பன்னிரண்டு. மனிதன் நடக்கிற வேகம்தான். கண்ணாடிக்கு வெளியே வெயிலைத் தவிர எதுவும் இல்லை.

"என்னடே, மெஷின் கெட்டுப்போச்சா?"

"கெட்டுத்தான் போச்சுண்ணே." அப்ரார் அவசரமாக மேனேஜருக்கு அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டான். வேல்ராஜின் வேலை பிழைத்தது.

அவன் நிமிர்ந்தபோது எண் குறைந்துகொண்டிருந்தது. ஒன்பது. ஆறு. மூன்று. வேல்ராஜும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாத்திய கதவைத் திறந்துவிட்டு, டிரைவர் இருக்கையிலிருந்து நடுவுக்கு நகர்ந்து இடம் விட்டார்.