பொடக்காலி டிஷ்

பக்கத்து கிரில் பட்டறைக்காரர் பொங்கியண்ணன்தான் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அந்தப் பேச்சை எடுத்தார் என்று மகன் ஆசிப் வந்து சொன்னதும், ஃபஹீமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சொன்னாராம்?"

"கழட்டச் சொல்றதுக்கு முன்னால, எல்லார்த்து முன்னாலயும் அது என்ன பண்ணுதுன்னு காட்டச் சொல்லுங்க, பார்த்துபோடலாம்னாராம். தலைவரும் சரின்னுட்டார். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாராங்க. காட்ட முடியலைன்னா டிஷ்ஷை எடுத்துரணும்."

போத்தனூரில் அவர்கள் வீட்டுப் பின்பக்கம், பொடக்காலியில் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது அந்தப் பெரிய டிஷ். கேபிள்காரர் ஒருவர் காயலான் கடைக்குப் போட இருந்ததை ஃபஹீமா கேட்டு வாங்கி வந்திருந்தாள். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்தால் இதுதான் அவளுக்கு எல்லாம். மேலே இருக்கும் வானிலை செயற்கைக்கோள் பூமியைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருக்கும். வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். அவள் டிஷ்ஷில் வாங்கி லேப்டாப்பில் பார்ப்பாள்.

அக்கம்பக்கத்தில் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். வடாம் காயப்போடவா என்று கேட்டார்கள். அப்புறம் இடியை இழுக்கும் என்றார்கள். கடைசியாக ஒருத்தர், வெளிநாட்டுக்கு ஏதோ பேசுகிறார்கள் என்று ஆரம்பித்து வைத்தார். அது காதில் விழுந்த நாளிலிருந்து ஆசிப்புக்குச் சோறு இறங்கவில்லை. நாமளே கழட்டிரலாம்மா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

ஃபஹீமா மாட்டேன் என்றுவிட்டாள். காட்டுவதற்குத்தானே அவளும் ஆசைப்பட்டாள்.

பயம் வேறு இடத்தில் இருந்தது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பொங்கியண்ணனின் பட்டறை. அங்கே வெல்டிங் வைத்தால் இங்கே படம் முழுக்கக் கறுப்புக் கோடு விழும். ஒரு தடவை நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியபோது அப்படித்தான் படம் கந்தலாகி, வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கே அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகமூடியைக்கூடத் தூக்கவில்லை.

"உங்க வேடிக்கைக்கு நான் வேலையை நிறுத்திபோட்டு உக்காரோணுமுங்களா, அம்மணி?" என்று கேட்டுவிட்டு மறுபடி பற்றவைத்தார்.

அவரிடம் இனி ஒரு சொல் கேட்பதில்லை என்று இருந்தாள். இப்போது அதே மனுஷன் ஊரைக் கூட்டி அவமானப்படுத்தப் பார்க்கிறார்.

கம்பெனி விட்டு வந்ததும் வராததுமாக வேலையில் இறங்கினாள். தகரத்தில் பெட்டி அடித்து, அதற்குள் கோட்டைத் தடுக்க ஒரு ஃபில்ட்டரைப் பொருத்தி, ஒயர் எல்லாம் மாற்றினாள். சனிக்கிழமை போட்டுப் பார்த்தபோதும் கோடு முழுசாகப் போகவில்லை. போதாததற்கு, கல்யாண மண்டபத்துக் கேட் ஒன்று திங்கள் காலையில் கொடுத்தாக வேண்டுமாம், ஞாயிறும் பட்டறை ஓடுமாம் என்று ஆசிப் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்துவிட்டது. தலைவர் வெங்கடபதி நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்தார். பொங்கியண்ணன் மட்டும் வரவில்லை. கூட்டத்து இரைச்சலில் பட்டறைச் சத்தம் கேட்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஃபஹீமா பிஸ்மி சொல்லி பட்டனைத் தட்டினாள்.

மேலிருந்து வரி வரியாகப் படம் இறங்கியது. இமயமலை வந்தது. கோடு விழவில்லை. கடற்கரை தெரிந்தது. இலங்கை வந்தது. கண்ணாடி மாதிரி படம்.

பின்னால் நின்றவர்கள் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்கள்.

எதிர்வீட்டு புவனாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நம்ம ஊரு எங்கீங்க?"

ஃபஹீமா விரலை வைத்தாள்.

"பக்கத்துல வெள்ளையா இருக்கறது?"

"மேகமுங்க. பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்துட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல இங்க மழை."

அப்போது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

டீ குடித்து முடிப்பதற்குள் காற்று மாறியது. மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, பொட்டுப் பொட்டாக டிஷ்ஷின் மேல் தூறல் விழுந்தது. மாடியில் காயும் துணி நினைவுக்கு வந்து புவனா ஓட, கூட்டமே கைதட்டியது. தலைவர் நனைந்துகொண்டே டிஷ்ஷைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதை யாரும் கழட்டச் சொல்லப்படாது, அடுத்த வாரம் சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வாரேன் என்றார். வெளிநாட்டுப் பேச்சை ஆரம்பித்து வைத்தவர் டிஷ்ஷோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆசிப் அன்றைக்குத்தான் வாய் விட்டுச் சிரித்தான். ஃபஹீமாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. தன் ஃபில்ட்டர் ஜெயித்துவிட்டது.

வந்தவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்த தம்ரூட் இனிப்பை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். பிரியத்தில் இல்லை. உங்க வெல்டிங்கால என்னை ஒண்ணும் பண்ண முடியலைன்னு நேருக்கு நேர் சொல்லிவிட வேண்டும்.

பட்டறை இருட்டாக இருந்தது. ஃபேன் ஓடவில்லை. மண்டபத்துக் கேட்டின் முன்னால் பொங்கியண்ணன் குத்தவைத்து உட்கார்ந்து, சட்டை பனியனோடு ஒட்டிக்கொண்டிருக்க, இரும்பைக் கை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, கரண்டு இல்லீங்களா?"

அவர் தோள் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கரண்டெல்லாம் இருக்குதுங்கம்மணி. படம் முடிஞ்சுபோச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, மெயினைப் போட்டுக்குவேன்."