கோடு இறங்கவில்லை

"இந்த ரூம்ல விளக்கேத்தக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது, தனம்?"

தேவசிகாமணி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அதட்டினான். ஏற்காட்டுப் பேருந்து நிலையத்தருகே மாடியில் கணினி நிலையம் நடத்தும் அவனுக்குச் சகுனம், நல்ல நேரம், திருநீறு ஆகிய எவற்றிலும் நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால், வேண்டுமென்றே அவ்வழியே நடப்பான்.

"காரியம் நல்லபடியா முடியணும்னுதானுங்க..." அகலும் எண்ணெய்க் கிண்ணமுமாக அவன் மனைவி தனலட்சுமி வாசற்படியிலேயே நின்றாள்.

"விளக்கு வந்து புரோகிராம் எழுதுமா? ஓரமா வை அத."

கொட்டச்சேட்டுக் காப்பி எஸ்டேட் முதலாளி பழனிசாமி அன்று காலை வருவதாக இருந்தார். பறித்த பழத்தின் எடையைத் தோட்டத்திலேயே பதிந்துகொள்ள, உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றுக்கு அவன் புரோகிராம் எழுதியிருந்தான். கருவியை ஆர்டர் கிடைத்த பிறகே வரவழைக்க முடியும். ஆகவே, அதைப் போலவே இயங்கும் போலிக் கருவியொன்றைக் கணினிக்குள் ஓடவிட்டுத்தான் அவரிடம் காட்ட வேண்டும். ஆர்டர் கிடைக்காவிடில், திங்களன்று அவன் பெங்களூர் வேலைக்குப் போவான். இங்கே பள்ளி ஆசிரியையாக இருக்கும் அவள் தனியே இருப்பாள்.

போலிக் கருவியோ நகர மறுத்தது. ஓர் எண்ணை அழுத்தினால், அது திரையில் தோன்றுவதற்குள் கொட்டாவி விட்டு முடித்துவிடலாம். பிராசசரின் உழைப்பைக் காட்டும் கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"நொம்பச் சூடாயிருச்சுங்க. மூடியக் கழட்டி ஃபேன் வெக்கட்டுங்களா?"

"வை. அப்படியாச்சும் குளிருதா பாப்போம்."

ஐப்பசிப் பனியில் அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மின்விசிறியைச் சுழல விட்டாள். அவன் ஒலியை நிறுத்தினான், வண்ணங்களைக் குறைத்தான், போலிக் கருவியின் உருவத்தைப் பாதியாகச் சுருக்கினான், வைரஸ் காவலையும் நீக்கினான். கோடு சற்றே தாழ்ந்து மீண்டும் ஏறியது. அவன் எழுந்து சன்னலுக்குப் போனான், வந்து உட்கார்ந்தான், மறுபடியும் எழுந்தான்.

"நீங்க நடந்தா அதுக்குச் சூடு தணியுங்களா? ஒருவாட்டி நிறுத்திட்டுத் திருப்பிப் போடுங்களேன்."

"நிறுத்தக் கூடாது!"

"ஏனுங்க? நேத்துச் சாயங்காலத்திலிருந்து நிறுத்தாம ஓடுது. ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் நீங்க சொல்ற மொத வைத்தியமே அதுதானுங்களே?"

அவன் மின்விசிறியைக் கணினிக்கு இன்னும் அருகே நகர்த்தினான்.

"உள்ள வேற ஏதோ ஓடுதுங்க."

"எல்லாம் மூடியாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதத் தொட முடியாது."

"எல்லாத்தையும் மூடிட்டு, அது மட்டும் என்னங்க செல்லப்பிள்ளையா?"

"உசுரெடுக்காத தனம்!"

கீழே ஜீப்பின் ஹாரன் ஒலித்தது. அவன் சன்னலுக்கு ஓடினான். அந்த இடைவெளியில் தனலட்சுமி நாற்காலியில் அமர்ந்து, மௌஸைத் திரையின் அடிவிளிம்புக்கு இழுத்தாள். ஓடும் புரோகிராம்களின் பெயர்களைக் காட்டும், அவன் மறைத்து வைத்திருந்த பட்டை மேலெழுந்தது. அதில் அவள் அறியாத பெயரொன்று இருந்தது. அழுத்தினாள்.

திரை நிறையக் குத்துவிளக்கு ஒன்று எரிந்தது. ஐந்து சுடர்களும் காற்றில் அசைவனபோல் ஓயாமல் அசைந்தன. அடியில், மலைச்சாமியின் பெயரில், 'சேர்வராயன் துணை' என்று எழுதியிருந்தது.

"இத எப்பங்க ஏத்துனீங்க?"

"நேத்து... வெள்ளிக்கிழமைன்னு." அவன் சன்னல் கம்பியைப் பிடித்தபடி தலை குனிந்தான். "எரியற விளக்க எப்படி அணைக்கறதுன்னுதான்..."

மாடிப்படியில் செருப்போசை கேட்டது.

"நீ உன் அகல ஏத்தி இங்கயே வை, தனம்," என்றான் மெதுவாக. "நான் இதைக் குளிர வெச்சுடறேன்."